தந்தி அண்ணனின் ரேடியோவும் கணினியும்

உலகத்து அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தங்களுக்குள் ஒரு நாடுகள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். யார் எத்தனை நாடுகளோடு பேசியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பதற்காக அமெரிக்கச் சங்கம் பராமரித்துவரும் பட்டியல் அது. அதில் 'நீக்கப்பட்டவை' என்று ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதியில் 'பிரெஞ்சிந்தியா, எஃப்.என்.8' என்று ஒரு வரி இன்றைக்கும் இருக்கிறது. 1954 அக்டோபர் 31 வரை நடந்த தொடர்புகள் மட்டுமே செல்லும் என்பது அதன் குறிப்பு. மறுநாள் நவம்பர் 1 என்ன நடந்தது என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று எனக்கு நான்கு வயது. கொடி இறங்கியதும் ஏறியதும் நினைவில் இல்லை. ஆனால் நம் ஊர் ஒரு காலத்தில் தனி நாடாக எண்ணப்பட்டு, பிறகு பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டதை எனக்குக் காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும் தந்தி அண்ணன்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. தந்தி ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்ததால் தெருவே அவரைத் தந்தி அண்ணன் என்றுதான் கூப்பிடும். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பகல் முழுக்க ஆபீஸில் கட்டுக்கடாவென்று தந்தி அடித்துவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து மொட்டை மாடி அறையில் மறுபடியும் கட்டுக்கடாவென்று அடிப்பார். பகலில் அடித்தது சம்பளத்துக்கு, இரவில் அடித்தது ஆசைக்கு. ஹாம் ரேடியோ என்பது அதுதான். அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, சொந்தமாக ஒலிபரப்புக் கருவி வைத்துக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களோடு பேசுவது. வியாபாரம் பேசக்கூடாது, அரசியல் பேசக்கூடாது. பேசிய ஒவ்வொரு பேச்சையும் லாக் புத்தகத்தில் தேதி, நேரம், அலைவரிசையோடு எழுதிவைக்க வேண்டும். பதிவேடு என்றாலே மகிழ்கிற குமாஸ்தாவான எனக்கு அந்த லாக் புத்தகம்தான் முதலில் பிடித்தது. என் கையெழுத்து பிரெஞ்சுப் பள்ளியில் பழகிய கையெழுத்து, சாய்வாக, கோடு தவறாமல் இருக்கும். "தம்பி, இதை நீ எழுதினா நல்லாருக்கும்" என்று 1978 வாக்கில் ஒருநாள் பேனாவைக் கொடுத்தார். அன்றிலிருந்து பல மாலைகள் நான் அவருடைய எழுத்தர்.

இந்தக் கலையில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. 200 மீட்டருக்குக் குறைந்த சிற்றலைகள் எதற்கும் உதவாது என்று நினைத்துத்தான் பெரிய கம்பெனிகளும் அரசாங்கங்களும் அவற்றை அமெச்சூர்களுக்கு ஒதுக்கித் தள்ளின. 1923 நவம்பர் இறுதியில் நீஸ் நகரத்திலிருந்து லெயோன் தெலுவா என்பவர் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஃப்ரெட் ஷ்னெல்லோடு இருவழியாகப் பேசிவிட்டார். அமெச்சூர்கள் அட்லாண்டிக்கின் குறுக்கே இரண்டு பக்கமும் பேசிக்கொண்டது அதுவே முதல்முறை. குப்பை என்று தள்ளிய அலைகளுக்கு மறுநாளிலிருந்து மதிப்பு வந்துவிட்டது. 1925-இல் அனைத்துலக அமெச்சூர் ரேடியோ சங்கம் தொடங்கப்பட்டதும் பாரீஸில்தான். நம் நாட்டில் அதற்கு முன்பே, 1921-இல், கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா இதை ஆரம்பித்துவிட்டார்.

அண்ணனின் முதல் செட் அவரே கட்டியது. 807 என்ற வால்வு போட்ட டிரான்ஸ்மிட்டர் தனி, ரிசீவர் தனி. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவிட்ச். சாமான்களை மதராஸ் மூர் மார்க்கெட்டில் பொறுக்கிக்கொண்டு வருவார். ஒலிபரப்பும் அலைவரிசையை ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் நிர்ணயிக்கும். கிரிஸ்டலை மாற்றினால்தான் அலைவரிசை மாறும். ரிசீவரில் ஒரு பெரிய குமிழ். அதைத் திருப்பினால் ஒரு நூல் நகரும், நூல் முள்ளை நகர்த்தும், குமிழின் அச்சு கேங் கண்டென்சரின் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைக்கும். நூல் அறுந்தால் அன்றைக்குப் பேச்சு கிடையாது. டயல் கண்ணாடிமேல் பென்சிலால் அவர் போட்ட கோடுகள்தான் அலைவரிசைக் கணக்கு.

ஒருவருடைய அலையோடு நம் அலையைப் பொருத்துவதை ஒரு தடவையாவது கேட்டவர்களுக்குத்தான் அந்தக் குமிழின் மதிப்பு புரியும். முதலில் விசில் போலக் கூர்மையாகக் கேட்கும். குமிழை நூல் அளவு நகர்த்த நகர்த்த அந்த விசில் கனத்துக் கனத்து, உறுமலாகி, கடைசியில் அடங்கிப்போகும். அடங்கிய இடம்தான் சரியான இடம். அண்ணன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். எனக்கு நாலைந்து முறை வாய்ப்புக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய்விட்டேன். "உன் கை ஃபைல் புரட்டுற கை" என்பார்.

1984-இல் ஹாம் கருவிகளுக்கு இறக்குமதி வரி விலக்கு வந்தது. ராஜீவ் காந்தியே ஒரு ஹாம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதுவரை வெளிநாட்டு செட் என்பது பத்திரிகையில் பார்க்கும் படம் மட்டும்தான். நம் ஊரில் பாரீஸில் உறவினர் இல்லாத குடும்பம் அபூர்வம் அல்லவா? 1986-இல் அண்ணனுடைய மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது, பேசிவைத்தபடி, ஒரு ஜப்பான் செட்டைக் கொண்டுவந்து சேர்த்தார். யேசு எஃப்.டி.757 ஜி.எக்ஸ். பெயரைக் கேட்டு என் மனைவி, கோயில் சாமான் ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். அதே பெயரில் தோக்கியோவில் ஒரு வட்டாரம் இருக்கிறது, யான் யோஸ்டன் என்ற டச்சுக்காரருடைய பெயர் ஜப்பானியர் வாயில் அப்படித் திரிந்தது என்று பிற்பாடு படித்தேன். புதுச்சேரியையும் சில வருஷம் டச்சுக்காரர்கள் வைத்திருந்தார்களே, இங்கே எந்தப் பெயரும் ஒட்டவில்லை.

அந்த செட்டில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே பெட்டிக்குள். டிரான்ஸீவர் என்பார்கள். நூல் இல்லை, முள் இல்லை, எண்களே எரிந்தன. அண்ணன் சும்மா இருப்பாரா? பதினைந்து நாளில் மேல்மூடியைக் கழற்றிவிட்டார். பெரிய குமிழுக்குப் பின்னால் கேங் கண்டென்சர் இருக்கும் என்று தேடினார். இல்லை. குமிழின் சுழற்சியைச் சின்னச் சின்ன மின்துடிப்புகளாக மாற்றும் ஓர் அமைப்பு மட்டும் இருந்தது. உள்ளே இருக்கும் நுண்செயலி அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொள்ளும். எண்ணிக்கைக்குத் தகுந்தாற்போல அலைவரிசையை அதுவே உண்டாக்கும். அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, நான் இதைத் திருப்பலைடா. திருப்பச் சொல்லி மனு போடுறேன்" என்றார்.

கணினி ரேடியோவை இயக்கத் தொடங்கிய வரலாறு உண்மையில் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. குமிழுக்கும் அலைவரிசைக்கும் நடுவே எண் வந்து உட்கார்ந்துவிட்டபிறகு, அந்த எண் குமிழிலிருந்து வந்தால் என்ன, வேறு கம்பியிலிருந்து வந்தால் என்ன? ஜப்பான் கம்பெனிகள் 1980களின் முற்பகுதியிலேயே இதைப் புரிந்துகொண்டு செட்டின் முதுகில் ஒரு துளை வைத்தன. அண்ணன் செட்டின் பின்னாலும் ஆங்கிலத்தில் 'கேட்' என்று அச்சிட்ட ஒரு சிறு சாக்கெட் இருந்தது. கணினி துணையுடன் இயங்கும் டிரான்ஸீவர் என்பதன் சுருக்கம். நான் பிரெஞ்சில் 'ஷா', பூனை, என்று சொல்லிச் சிரித்தேன். அந்தப் பூனை இருபத்தேழு வருஷம் அங்கேயே தூங்கியது.

இந்தக் கம்பிவழிப் பேச்சுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பாஷை வைத்தது. இதைப் படித்தபோது எனக்கு என் ஆபீஸ்தான் நினைவுக்கு வந்தது. யேசு கம்பெனியின் பழைய முறைப்படி ஒவ்வொரு கட்டளையும் சரியாக ஐந்து எண்கூறுகள். 14.25 மெகாஹெர்ட்ஸ் போகவேண்டும் என்றால் அதை 01, 42, 50, 00 என்று இரண்டிரண்டாகப் பிரித்து, தலைகீழாக 00, 50, 42, 01 என்று அனுப்பவேண்டும்; ஐந்தாவதாக, 'இது அலைவரிசை மாற்றும் உத்தரவு' என்பதற்கான எண். உத்தரவின் பொருள் கடைசியில் வரும். என்ன விசித்திரம் என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். தொண்ணூற்றேழைச் சொல்ல 'நான்கு இருபது பதினேழு' என்று பழகிய எனக்கு அது ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை.

ஐகாம் கம்பெனி 1980களின் நடுவில் வேறு வழி போனது. அதன் ஒவ்வொரு செய்தியிலும் பெறுநர் எண், அனுப்புநர் எண் இரண்டும் உண்டு. அரசு கடிதம் மாதிரியே. அதனால் ஒரே கம்பியில் நாலைந்து செட்டுகளைத் தொங்கவிட்டாலும் தனக்கு வந்த கடிதத்தை மட்டும் அந்தந்த செட் எடுத்துக்கொள்ளும். கென்வுட் கம்பெனியின் முறைதான் மனிதன் படிக்கக்கூடியது. எஃப், ஏ என்று இரண்டு எழுத்து, அதன்பின் பதினொரு இலக்கத்தில் அலைவரிசை, முடிவில் ஓர் அரைப்புள்ளி. 00014074000 என்று எழுதினால் 14.074 மெகாஹெர்ட்ஸ். இலக்கம் பத்தாக இருந்தால் செட் ஒரு கேள்விக்குறியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆட்சேபணைக் குறிப்போடு கோப்பு திரும்பி வருகிறதே, அதேதான். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. பிற்காலத்தில் யேசு கம்பெனியும் ஐந்து எண்கூறுகளை விட்டுவிட்டு, தன் புதிய செட்டுகளில் ஏறத்தாழ இந்த வழிக்கே வந்துவிட்டது.

மூன்று பாஷை இருந்தால் துபாஷி வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு மென்பொருள்காரரும் ஒவ்வொரு செட்டுக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். 2000-இல் ஃப்ராங்க் சிங்கிள்டன் என்பவர் தொடங்கி, பிரான்ஸ் அழைப்புக்குறி கொண்ட ஒருவரும் சேர்ந்து வளர்த்த 'ஹாம்லிப்' என்ற இலவசத் தொகுப்பு அந்தத் துபாஷி வேலையைச் செய்தது. மேலே இருக்கும் நிரல் 'அலைவரிசை இது' என்று ஒரே மாதிரி சொன்னால் போதும், எந்த செட்டுக்கு எந்த பாஷை என்று இது பார்த்துக்கொள்ளும். ஆனந்தரங்கப் பிள்ளையின் ஊர்க்காரனுக்குத் துபாஷியின் பெருமையை விளக்கவேண்டுமா! பிறகு சைமன் பிரவுன் எழுதிய 'ஹாம் ரேடியோ டீலக்ஸ்' வந்தது. பல ஆண்டுகள் இலவசமாகவே கொடுத்தார். கணினித் திரையில் செட்டின் முகப்பே தெரியும். இல்லாத குமிழைச் சுண்டெலியால் திருப்பலாம்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் வேலை பார்த்தது எத்தா சிவில் சம்பந்தப்பட்ட பிரிவில். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள். பழைய ஏடுகள் எல்லாம் பிரெஞ்சில், தூவியால் எழுதியவை. பிரெஞ்சு வழியில் படித்த எங்களைப் போன்ற நாலைந்து பேர் இல்லாவிட்டால் அவற்றைப் படித்துச் சான்று கொடுக்க ஆள் கிடையாது. அந்தக் கர்வம் எங்களுக்கு இருந்தது. ஒரு நாள் மேஜைமேல் கணினி வந்து உட்கார்ந்தது. ஆறு மாதத்தில், அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத ஓர் இளைஞர், நான் படித்துச் சொன்னதை உள்ளிட்டு முடித்துவிட்டார். அதற்குப்பிறகு யாரும் என்னை ஏடு பார்க்கக் கூப்பிடவில்லை. உள்ளிட்டதில் பிழைகள் இருந்தன. 'இன்யாஸ்' என்ற பெயர் மூன்று விதமாக ஏறியிருந்தது. சொன்னேன். 'ஏற்றியாச்சு சார்' என்று பதில் வந்தது. ஆகவே அண்ணன் பின்னாளில் கணினியோடு சண்டை போட்டபோது நான் நடுநிலையாளன் இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் 2004 டிசம்பர் 26. அந்த மாதத் தொடக்கத்தில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் டெல்லியிலிருந்து ஒரு ஹாம் குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தமானில் அமெச்சூர் ரேடியோவுக்கு அனுமதி கிடைத்தது பல வருஷங்களுக்குப்பிறகு அப்போதுதான். உலகம் முழுக்க ஹாம்கள் அந்த அழைப்புக்குறிக்காக வரிசையில் நின்றார்கள். கடல் பொங்கிய அன்று அவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு, டெலிபோன் அறுந்துபோன தீவுகளிலிருந்து யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை நிலத்துக்குச் சொல்லத் தொடங்கினார்கள். இங்கே காரைக்காலில் நேர்ந்ததை நாம் அறிவோம். நான் ஆபீஸில் இறப்புப் பதிவுகளோடு இருந்தேன். அண்ணன் செட்டின் முன்னால் இருந்தார். அந்த செட் 13.8 வோல்ட்டில் ஓடும். கார் பேட்டரி போதும். மொட்டை மாடியில் கம்பி, கீழே பேட்டரி, காதில் ஹெட்போன், விரல் குமிழில். மூன்று நாள் அதிகம் தூங்கவில்லை. மெலிந்த குரல்களை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்து எடுத்து, கேட்டவற்றைத் தாளில் எழுதிவைத்தார். அந்தத் தாள்களை நான்தான் பிறகு லாக் புத்தகத்தில் ஒட்டினேன்.

2012 வாக்கில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் மோர்ஸ் சாவி போயிற்று. புள்ளிக்குப் பதில் இரண்டு புள்ளி விழும். முப்பது வருஷம் பிழையில்லாமல் அடித்த கை. அவருக்கே அது கேட்கும் அல்லவா? சாவியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். பிறகு குமிழும் நிற்கவில்லை. சரியான இடத்தில் நிறுத்திய பிறகும் விரல் பட்டு நகர்ந்துவிடும். 2013 ஜூலையில் அரசாங்கம் தந்தியையே நிறுத்தியது. கடைசி நாளில் ஆளாளுக்குத் தந்தி கொடுக்க வரிசையில் நின்றதைப் பேப்பரில் பார்த்துவிட்டு, "எழவுக்கு வர்ற கூட்டம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த மாதம் முழுக்க மாடி அறைக்குப் போகவில்லை.

பூனையை எழுப்பியவள் அவர் பேத்தி. எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். செட்டின் சாக்கெட்டுக்கு ஐந்து வோல்ட் போதும். கணினியின் பழைய சீரியல் துளையில் அதைவிட அதிகமான வோல்டேஜ், மேலும் கீழுமாக வரும். நேராக மாட்டினால் செட் புகைந்துவிடும். நடுவே மேக்ஸ் 232 என்ற சிறு சில்லைப் போட்டுச் சமாளிக்கவேண்டும். அவள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து சில்லை வாங்கிவந்து, சோப்பு டப்பா ஒன்றில் அந்த இடைச்சுற்றைக் கட்டினாள். விசைப்பலகையில் 14250 என்று தட்டினாள். செட்டின் எண்கள் தானாக மாறின. யாரும் தொடவில்லை. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

இந்த செட்டில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் கம்பி ஒருவழிப் பாதை. கணினி சொல்வதைக் கேட்டுக்கொள்ளும், பதில் சொல்லாது. 'நீ இப்போது எங்கே இருக்கிறாய்' என்று கேட்டால் அதற்கு வாயில்லை. பிற்கால செட்டுகள் அலைவரிசையைத் தாமே சொல்லிவிடும். மென்பொருள் அதைப் படித்து லாக் புத்தகத்தைத் தானே நிரப்பிவிடும். இதில் குமிழைக் கையால் நகர்த்திவிட்டால் கணினிக்குத் தெரியவே தெரியாது. ஆகையால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்து எழுதத்தான் வேண்டும். என் உத்தியோகம் பிழைத்தது.

கஷ்டங்களும் இருந்தன. ஒருநாள் ஒலிபரப்பும்போது அந்த அலையே கம்பிவழியாகக் கணினிக்குள் புகுந்து, கணினி மரமாக நின்றுவிட்டது. ஒலிபரப்பை நிறுத்து என்று சொல்லவேண்டியதும் அதே கணினிதான். செட் சூடேறிக்கொண்டே போகிறது, பேத்தி விசைகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள், அண்ணன் எழுந்து போய் பேட்டரி கம்பியைப் பிடுங்கிவிட்டார். நடுங்கும் கைதான், ஆனால் எதைப் பிடுங்கவேண்டும் என்று தெரிந்த கை. கம்பியின்மேல் ஃபெரைட் வளையம் மாட்டியபிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

அலைவரிசையை மாற்றுவதோடு நின்றிருந்தால் அண்ணனுக்கு ஆட்சேபணை இல்லை. பேச்சையே கணினி பேச ஆரம்பித்ததில்தான் தகராறு. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1998-இல் இங்கிலாந்தின் பீட்டர் மார்ட்டினெஸ், கணினியில் பாட்டு கேட்க இருக்கும் சவுண்டு கார்டையே மோடமாக்கி, பி.எஸ்.கே.31 என்ற முறையைப் பரப்பினார். நீங்கள் தட்டத் தட்ட எழுத்துகள் அடுத்த கண்டத்தில் தெரியும். நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஐம்பது சொல். என் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை வேகமும் கிட்டத்தட்ட அதுதான். அதை அண்ணன் ஏற்றுக்கொண்டார். "தட்டுறது மனுஷன்தானே" என்றார். நடுங்கும் கைக்குத் தப்பாகத் தட்டினாலும் அழித்து எழுதலாம்.

2017-இல் எஃப்.டி.8 வந்தது. எழுதியவர்களில் ஒருவர் ஜோ டெய்லர். சிறுவயதிலிருந்தே ஹாம். 1974-இல் இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்து, 1993-இல் ரசல் ஹல்ஸோடு பௌதிக நோபல் பரிசு பெற்றவர். வானத்தின் மிக மெல்லிய சமிக்ஞைகளைத் தேடிப் பழகியவர், அந்த வித்தையை ஹாம்களுக்குக் கொடுத்தார். நேரம் பதினைந்து பதினைந்து விநாடிகளாகப் பிரிக்கப்படும். ஒரு துண்டில் ஒருவர் 12.64 விநாடி அனுப்புவார், மற்றவர் கேட்பார், அடுத்ததில் மாறிக்கொள்வார்கள். இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். காதுக்கு வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தில் கணினி அழைப்புக்குறியைப் படித்துவிடும். பெயர், இருக்கும் கட்டம், சமிக்ஞையின் பலம், பெற்றுக்கொண்டேன், வணக்கம். ஒன்றரை நிமிஷத்தில் தொடர்பு முடிந்தது. நம் ஊரின் கட்டம் எம்.கே.91. முடிவு வணக்கமாகப் போவது '73' என்ற எண். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தந்திக்காரர்களிடமிருந்து வந்தது அது. இவ்வளவையும் மாற்றியவர்கள் அதை மட்டும் மாற்றவில்லை.

பேத்தி திரையில் ஒரு பெயரைச் சொடுக்குவாள். மீதியை இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ளும். 2018-இல் ஒரே இரவில் பதினேழு நாடுகள். அண்ணன் வாழ்நாளில் அப்படி ஓர் இரவு கண்டதில்லை. ஆனால் காலையில் நான் லாக் புத்தகத்தோடு போனபோது, "அதுல எழுதாதே" என்றார்.

"ஏண்ணே?"

"நான் யார்கிட்டயும் பேசலை. நான் தூங்கிட்டிருந்தாலும் இது நடந்திருக்கும்."

"தாத்தா, உங்க உரிமம், உங்க ஏரியல், உங்க செட்டு. நீங்க கட்டின கம்பியிலதான் போச்சு" என்றாள் பேத்தி.

"கம்பி பேசுச்சுன்னு எழுது."

நான் அவர் பக்கம் சாய்ந்தேன். ஏடு படிக்கத் தெரியாதவர் ஏடு ஏற்றியது எனக்கு மறக்கவில்லை. பேத்தி என்னைப் பார்த்து, "சின்ன தாத்தா, எதைக் கேட்கணும், எப்போ எந்த அலை திறக்கும், ஆன்டெனா எந்தப் பக்கம்னு நேத்து ராத்திரி எனக்குச் சொன்னது யாரு? கம்ப்யூட்டரா?" என்று கேட்டாள். அது உண்மைதான். பொழுது சாய்ந்து இன்ன நேரத்துக்கு மேற்கே திறக்கும், விடிவதற்குள் தெற்கே போகும் என்று அவர் சாய்வு நாற்காலியில் படுத்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் 14.074-லிருந்து 7.074-க்கும் மறுபடி மேலேயும் மாற்றிக்கொண்டே இருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பதினேழையும் ஒரு தனித் தாளில் எழுதி, லாக் புத்தகத்துக்குள் செருகிவைத்தேன். ஆபீஸ் பாஷையில் சொன்னால், நிலுவைக் கோப்பு.

சில மாதம் கழித்து ஓர் அட்டை வந்தது. ஹாம்கள் தொடர்பை உறுதிசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பும் அட்டை, கியூ.எஸ்.எல். என்பார்கள். அந்தப் பதினேழில் ஒன்றான ரீயூனியன் தீவிலிருந்து. இப்போதெல்லாம் பலர் இணையத்திலேயே உறுதி செய்துவிடுவதால் அட்டை வருவது அபூர்வம். அச்சடித்த கட்டங்களுக்குக் கீழே நீல மையில் இரண்டு வரி பிரெஞ்சில் இருந்தது. அண்ணன் என்னிடம் நீட்டினார். என் பாட்டி புதுச்சேரியிலிருந்து கப்பலேறியவள், அந்த ஊர்க்குறியைத் திரையில் பார்த்ததும் அழைப்பை விடமனசில்லை, நன்றி என்று எழுதியிருந்தார். நான் படித்துச் சொன்னேன். மறுபடி படிக்கச் சொன்னார். ரீயூனியனுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கிருந்து கப்பல் கப்பலாக ஆள் போன கதை நமக்குத் தெரிந்ததுதானே.

பதில் அட்டை எழுதவேண்டும் என்றார் அண்ணன். எழுதவேண்டும் என்றால் முதலில் லாக் புத்தகத்தில் அந்தத் தொடர்பு இருக்கவேண்டும். பதிவேட்டில் இல்லாததற்குச் சான்று கொடுக்க முடியாது. அது என் தொழில் தர்மம். சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு தாளை எடுக்கச் சொன்னார். தேதி, உலக நேரம், 14.074, ரீயூனியன்காரரின் அழைப்புக்குறி, எஃப்.டி.8. வரிசையாக எழுதினேன். குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "கணினி வழி. பேத்தி இயக்கியது. நான் கூட இருந்தேன்" என்றார். அப்படியே எழுதினேன். மீதிப் பதினாறும் இன்னும் செருகிய தாளில்தான் இருக்கின்றன.

அட்டையில் பிரெஞ்சில் நான் எழுதியது நாலு வரி. 1954 வரை இந்த வீட்டுக்கு முன்னெழுத்து எஃப்.என்.8 என்று இருந்திருக்கும் என்பதையும் அதில் சேர்த்தேன். கீழே அண்ணன் கையெழுத்துப் போட்டார். நடுங்கியபடிதான் வந்தது. பேத்தி அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பிவிடலாம் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நானே போஸ்ட் ஆபீஸுக்கு நடந்தேன்.